மாடிக்கு ஏத்துன பசு

வாங்க அம்மிணி, வாங்க. நாய் டாக்டரைப் பாக்கத்தான? போர்டு பாத்துட்டு வந்தீங்களா? வந்துரும், வந்துரும். இப்பத்தான் வெளிய போயிருக்குது. மேல ஏற வேண்டாம், பூட்டிக் கெடக்குது. இப்படி நெழலுக்கு வாங்க. எத்தனை நேரம் நாயைத் தூக்கிக்கிட்டே நிப்பீங்க, கை கடுக்காதா? கீழ உடுங்க. அந்தச் சாக்கை இழுத்துப் போட்டு அது மேல உடுங்க. தரையில வேண்டாம், புது டைல்ஸு.

பேரென்ன, புஜ்ஜியா? குட்டி போடப் போகுதுங்களா? அதான பாத்தேன், வயிறு இப்படித் தொங்குது. காலையிலருந்து முக்கிக்கிட்டே இருக்குதா? முக்கும் முக்கும். நானும் ரெண்டு பெத்தவதான் அம்மிணி. தலைப்பிள்ளைன்னா அப்படித்தான் இழுத்தடிக்கும். நீங்க ஏன் இப்படி நடுங்கறீங்க? நீங்களா பெக்கறீங்க? போன் பண்ணுனா எடுக்கலையா? எங்காவது ஊசி போட்டுக்கிட்டு இருப்பா. வந்துருவா. உக்காருங்க.

நான் ஆருன்னு சொல்லலையே. சாரதாமணி. இந்தக் கட்டடம் என்னுதுதான். கீழ நாங்க குடியிருக்கறோம், மேல வாடகைக்கு உடறோம். அந்த டாக்டரு புள்ளைக்கு மொதமொத எடம் குடுத்தவளே நான்தான். அதை ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. இந்த லேஅவுட்டுல என்னைப் பத்தி என்னென்னமோ பேசறாங்க. உங்க காதுக்கும் வந்திருக்கும். வரலையா? அப்ப நானே சொல்லீர்றேன். சும்மாதான உக்காந்திருக்கப் போறீங்க.

தாரணின்னு பேரு. தர்மபுரிப் பக்கம். கல்யாணமாகலை. ஒடிசலா, முதுகுல ஒரு பையை மாட்டிக்கிட்டு இந்த வாசல்லதான் வந்து நின்னா. "ஆன்ட்டி, கார் நிறுத்தற எடத்தை எனக்குக் குடுங்க. வயசான நாய்ங்க, கால் முடியாத நாய்ங்க எல்லாம் வரும். மாடியேற முடியாது"ன்னா. நல்லாருக்குதே கதை! என் வாசல்ல நாயும் பூனையும் வரிசையாப் படுத்துக் கெடந்தா வர்ற ஒரம்பரை, சொந்தபந்தமெல்லாம் என்ன நெனைப்பாங்க? மேலன்னா எடுத்துக்கோ, இல்லைன்னா வேற பக்கம் பாருன்னுட்டேன். எடுத்துக்கிட்டா. எனக்கு வாயில்லாச் சீவன்னா உசுருங்க. எறும்பு சர்க்கரை டப்பாவுல கெடந்தாக்கூட நசுக்க மாட்டேன், ஊதித்தான் உடுவேன். ஆனா சுத்தம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?

இந்தப் படியப் பாருங்க. கருப்புக் கிரானைட்டு. நாங்களே பொள்ளாச்சி ரோட்டுக் கடைக்குப் போய்ப் பொறுக்கி எடுத்தது. மூஞ்சி தெரியும். மழை நாள்ல நானே கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டுத்தான் ஏறுவேன், அத்தனை வழுவழுப்பு.

ஏன், என்ன? முனகுதா? முனகட்டும். தடவிக் குடுங்க.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கண்டிசனாச் சொன்னேன். பசு வந்து மிதிக்காம என் கட்டடத்துல ஆரும் பால் காய்ச்சக் கூடாது. முன்னாடி மேல ஒரு துணிக்கடைக்காரன் இருந்தான். பசுவெல்லாம் வேண்டாம்னு சொல்லி ரிப்பன் வெட்டி ஆரம்பிச்சான். வெளங்குச்சா? ஒரு தீவாளி பாக்கறதுக்குள்ள மூடிக்கிட்டுப் போனான். இவளுக்கும் அப்படி ஆகக்கூடாதுன்னு என் புள்ளை மாதிரி நெனைச்சுத்தான் சொன்னேன். அதுக்கு அவ என்ன சொன்னாங்கறீங்க? "ஆன்ட்டி, மாடு படி ஏறீரும், எறங்காது. சரிவைப் பாத்தா அதுக்குப் பயம். கீழ வாசல்லயே நிறுத்திப் பூசை பண்ணிக்கலாம்"னா. வாசல்ல மிதிச்சா வாசலுக்குத்தான பலன்? மேல இருக்கற ஆஸ்பத்திரிக்கு எப்படி வரும்? நீ படிச்சதெல்லாம் பொஸ்தகத்து மாடு கண்ணு, எங்கூரு மாடு எறங்கும்னு சொன்னேன். பூசைக்குப் பேசியிருந்த அய்யிரும் ஆமான்னாரு. அப்பறம் அவ சரின்னுட்டா. சாவி என் கையில இருக்குதே, எப்படி மாட்டேன்னு சொல்லுவா?

பின்னாடித் தெருவுல மயிலாத்தான்னு ஒருத்தி. புருசன் இல்லை. ஒரே ஒரு பசு, செவலை. அதுல பால் கறந்து இந்த லேஅவுட்டுக்கு ஊத்தித்தான் அவ பொழைப்பு. அப்பத்தான் கன்னு போட்டிருந்துச்சு. கன்னோட இருக்கற பசுதான வேணும் நமக்கு? கேட்டா இழுக்கறா. "படியெல்லாம் அதுக்குப் பழக்கமில்லீங்க்கா"ங்கறா. ஏன்டி, டாக்டரே பக்கத்துல நிக்கறா, உனக்கென்னடி பயம்னு கேட்டேன். டாக்டரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படி ஏறுன பசு உலகத்துலயே உன்னுது ஒண்ணாத்தான் இருக்கும்னேன். அதைக் கேட்டு அவளும் சிரிச்சுப்போட்டு ஓட்டியாந்தா.

ஆவணி மொத ஞாயித்துக்கெழம. என்ன கூட்டங்கறீங்க! அந்தப் புள்ள வூடு வூடா நோட்டீசு குடுத்திருந்தா. உங்க செல்லங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க, அன்னைக்கு வெறிநாய்க்கடி ஊசி இலவசம்னு. லேஅவுட்டு மொத்தமும் வந்துருச்சு. நாய்க்குப் பொட்டு வெச்சு, சட்டை போட்டு, ஒரு நாய்க்குக் கால்ல கொலுசு வேற. கூண்டோட கிளிகளைக் கொண்டாந்தாங்க. மீன் தொட்டியத் தூக்கிக்கிட்டு வந்த ஆளையும் நான் பாத்தேன். அந்தப் புள்ளைக்கு மூஞ்சியெல்லாம் பல்லு. ஒவ்வொரு நாயாப் பேர் கேட்டு, குனிஞ்சு கும்புட்டு, வாங்க வாங்கன்னு. நாயைக் கும்படறா, அய்யிரைக் கண்டுக்கலை.

எங்க வூட்டுக்காரரு கன்னுக்குட்டியத் தூக்கிக்கிட்டு முன்னாடி ஏறுனாரு. பசு பின்னாடியே மோந்துக்கிட்டு டக்கு டக்குன்னு ஏறீருச்சு. பாத்தியா, எங்கூரு மாடுன்னு அந்தப் புள்ளையப் பாத்துச் சொன்னேன். மேல போய் நின்னதும் மூத்திரம் பெஞ்சுது. எல்லாரும் நல்ல சகுனம்னு தலையில தெளிச்சுக்கிட்டாங்க. பூசை முடிஞ்சுது, பாலும் பொங்குச்சு. அத்தோட எறங்கியிருந்தா அந்தச் செவலையக் கையெடுத்துக் கும்புட்டிருப்பேன்.

எறங்கலைங்க. படிக்குப் பக்கத்துல வரும், கீழ பாக்கும், நாலு காலையும் ஊணிக்கிட்டு நின்னுக்கும். காலு வெடவெடங்குது. கீழ அத்தனை நாயும் அதைப் பாத்துக் கொலைக்குது. பயத்துல சாணி போடுது. மறுபடியும் போடுது. புது டைல்ஸு முழுக்க. மேலதான் அம்மிணி பந்தி போடறதா இருந்துச்சு! என் தம்பி வூட்டுல இருந்து, சம்பந்தி வூட்டுல இருந்து எல்லாரும் வந்து காத்துக்கிட்டு இருக்காங்க. சாம்பார் ஆறுது. நடுவுல மாட்டை நிக்க வெச்சுக்கிட்டு எலை போட முடியுமா, சொல்லுங்க?

டவுனுக்குப் போயிர்றீங்களா? எதுக்கு? ஆட்டோ புடிச்சு, அந்தப் பாலத்து நெரிசல்ல போய்ச் சேர்றதுக்குள்ள இவ இங்க வந்துருவா. நாயையும் போட்டு உலுக்கோணும். பேசாம உக்காருங்க. வந்துருவான்னு சொல்றேன்ல?

அந்தப் புள்ள வந்து சொல்றா, "ஆன்ட்டி, ஆரும் அதைத் தொடாதீங்க. பலகையும் மணல் மூட்டையும் கொண்டாரச் சொல்லீட்டேன். படி மேல சாய்வாப் போட்டு மெல்ல எறக்கிக்கலாம். சாயங்காலம் வரைக்கும் மேலயே நிக்கட்டும். கன்னு பக்கத்துலயே இருக்கட்டும், தண்ணி வெய்யுங்க"ன்னு. சொல்லிப்போட்டு, நாய்களைத் தூரமா நிறுத்தறேன்னு கீழ ஓடிப் போயிட்டா. சாயங்காலம் வரைக்குமாம்! ஒரம்பரையெல்லாம் பட்டினி கெடக்கறதா?

எனக்குத்தான் ஒரு ரோசனை வந்துச்சு. ஏறுனது எதைப் பாத்து? கன்னைப் பாத்து. அப்ப எறங்கறதும் கன்னைப் பாத்துத்தான? டாக்டருக்குப் படிச்சவளுக்குத் தோணலை, எனக்குத் தோணுச்சு. எங்க வூட்டுக்காரரைக் கூப்புட்டு, கன்னைத் தூக்கிக்கிட்டுக் கீழ போங்கன்னேன். போனாரு. இந்தா, இப்ப உங்க புஜ்ஜி படுத்திருக்குது பாருங்க, இங்கதான் நின்னாரு. அந்தச் சனியன் கன்னு கத்தவே இல்லை. சொகமா அவரு கையில படுத்துக்கிட்டு அவரு சட்டைய நக்கிக்கிட்டு இருக்குது. வாலை முறுக்குங்கன்னேன். அவரு முழிக்கறாரு. லேசா முறுக்குங்கன்னுதாங்க சொன்னேன், நான் என்ன கசாப்புக்காரியா? இன்னும் கொஞ்சம்னேன். அப்பத்தான் கத்துச்சு.

அம்மான்னு ஒரு கத்துதான். பசு வந்துருச்சு. நான் சொன்னது சரியாப் போச்சா இல்லையா? வராதுன்னாளே, வந்துருச்சே! என்ன, படியில காலை வெச்சு வரலை. தாவீருச்சு. அந்தத் திருப்பத்துல பாருங்க, கைப்பிடி வளைஞ்சிருக்குதே, அங்க இடிச்சு, திரும்பி, மல்லாக்க உழுந்து, படி படியா வழுக்கிக்கிட்டே வந்து இங்க கெடந்துச்சு. ஒரு கிரானைட்டு ஓரம் பேந்து போச்சு. இன்னும் மாத்தலை. அந்தக் கலர்ல கல்லு இப்ப வர்றதில்லையாம்.

பின்னங்காலு ஒண்ணு திரும்பாத பக்கம் திரும்பிக் கெடந்துச்சு. அத்தனை நாயும் ஒரே நேரத்துல வாயை மூடிக்கிச்சுங்க. அதுதான் எனக்கு ஆச்சரியமாப் போச்சு. கன்னு அவரு கையிலருந்து குதிச்சு ஓடிப்போய் அந்தக் கெடந்த கெடையிலயே பாலு குடிக்குது.

அந்தப் புள்ள பொடவையோடவே தரையில மண்டி போட்டுத் தொட்டுத் தொட்டுப் பாத்தா. தொடையெலும்பும் இடுப்பும் நொறுங்கிப் போச்சு, இனி எந்திரிக்காது, ஒட்ட வெக்கவும் முடியாதுன்னா. மயிலாத்தாளைப் பக்கத்துல உக்கார வெச்சு, "அக்கா, இதை வலியில வெச்சிருக்க வேண்டாம். ஒரு ஊசி போட்டா தூங்கற மாதிரி போயிரும். உங்க மாடு, நீங்க சொல்லுங்க"ன்னா. மயிலாத்தா அழுவறா, மாட்டோட மூஞ்சியத் தொடைக்கறா, அப்பறம் சொல்றா, "போட்டுருங்க அம்மிணி. என்னால பாக்க முடியலை"ன்னு. எல்லாரும் கேட்டுக்கிட்டு நிக்கறாங்க.

நான் உடுவனா? பால் காய்ச்சுன ஈரம் காயலை, என் வாசல்ல கோமாதாவைக் கொல்லப் பாக்கறாங்க! நேராப் போய் மாட்டுக்கும் அவளுக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டேன். பட்டுப் பொடவையோட. அதோட கழுத்தைக் கட்டிக்கிட்டேன். முடிஞ்சா எம்மேல போடு ஊசியன்னேன். என் நாத்தனா போன்ல போட்டோ எடுத்தா, காட்டறேன் இருங்க. இது நாந்தான். இது மாட்டோட தலை. பாருங்க, மாட்டுக் கண்ணுல தண்ணி. எனக்கும் அழுகை வந்துருச்சு, நெசமாத்தான் சொல்றேன். ஒரு உசுரைக் காப்பாத்தற சந்தோசம் இருக்குதில்லீங்களா, அது வேற எதுலயும் வராது.

அந்தப் புள்ள என் காலைப் புடிச்சா. "ஆன்ட்டி, அதுக்கு வலிக்குது ஆன்ட்டி, தயவுபண்ணி எந்திரிங்க"ன்னு. ஊசிய ஒரு கையில வெச்சுக்கிட்டே காலைப் புடிக்கறா! எனக்குப் பயமா இருக்காதா? நகரலை. பந்தி நடந்து முடியற வரைக்கும் நான் எந்திரிக்கவே இல்லீங்க. எனக்கு எலைய அங்கயே கொண்டாந்து குடுத்தாங்க. மேலதான் கழுவி உட்டுட்டு மத்தவங்களுக்கெல்லாம் போட்டாங்க. வந்தவங்க பாதிப் பேரு நாயைக் கூட்டிக்கிட்டுச் சாப்புடாமயே போயிட்டாங்க. பாயசம் அண்டாவோட மீந்து போச்சு.

அதுக்குள்ள கிட்டுசாமிக்குப் போன் பண்ணியிருந்தேன். மாட்டு யாவாரி, தெரிஞ்ச ஆளு. கெழட்டு மாடு, நொண்டி மாடு எல்லாத்தையும் அவந்தான் வாங்கிக் கொண்டு போவான். டெம்போ எடுத்துக்கிட்டு வந்தான். கோசாலையில கொண்டு போய் உட்டுருப்பா, அது இருக்கற வரைக்கும் நல்லா இருக்கட்டும்னேன். அவன் மாட்டைப் பாத்தான், என்னைப் பாத்தான், "சரிங்க்கா, கோசாலைக்கே கொண்டு போயிர்றேன்"னான். தங்கமான ஆளு. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலை. கொம்புல கயிறு போட்டு, பலகை சாய்ச்சு, ஆளுக நாலஞ்சு பேரு சேந்து இழுத்து ஏத்துனாங்க. கத்துச்சு. ஆமாங்க, கத்துச்சு, இல்லைங்கலை. கன்னைப் பிரியற வேதனை இருக்குமில்லீங்களா? மயிலாத்தா டெம்போவைப் புடிச்சுக்கிட்டுத் தொங்கறா. நான்தான் அவ கையைப் பிரிச்சு உட்டேன். புண்ணியத்தைத் தடுக்காதடின்னேன்.

டெம்போ பாலக்காட்டு ரோட்டுல திரும்புச்சு. அந்தப் பக்கம் கோசாலை இருக்குதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

இதென்ன அம்மிணி, உங்க நாய் பின்னாடி பச்சையா என்னமோ ஒழுகுது? சாக்கைத் தாண்டி வருது பாருங்க. அதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகத்துங்க. கறை புடிச்சா போகாது. டாக்டரா? வந்துருவாங்க, வந்துருவா. மீதியக் கேளுங்க. முக்கியமானதே இனிதான் இருக்குது.

அந்தப் புள்ள என்ன பண்ணுனா தெரியுங்களா? ஸ்கூட்டரை எடுத்தா. மயிலாத்தாளைப் பின்னாடி ஏத்திக்கிட்டா. கட்டுன பொடவையோட, கையெல்லாம் சாணியும் ரத்தமுமா, டெம்போ பின்னாடியே போயிருக்கறா. போற வழியில ஒரு டீக்கடையில கிட்டுசாமி வண்டியை நிறுத்தியிருக்கறான். டீ குடிச்சுப்போட்டு வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் வண்டி மேல ஏறி, மயிலாத்தா மாட்டுத் தலையை மடியில வெச்சுக்கிட்டு, இவ போட்டுட்டா. அந்த ஊசிய. போட்டே உட்டுட்டா அம்மிணி! அத்தனை நேரம் எலையைக்கூட மடியில வெச்சுத் தின்னு நான் காப்பாத்துன உசுரு. தடவிக்கிட்டே கொன்னுட்டா. தூங்கு தூங்குன்னு சொல்லிக்கிட்டே போட்டாளாம். டீக்கடைக்காரன் அழுதானாம். அவனுக்கென்ன தெரியும்?

கிட்டுசாமி திரும்பி வந்து என் வாசல்ல நின்னு குதிச்ச குதி இருக்குதே! மாடு செத்துப் போச்சு, ஊசி மருந்து ஏறுன மாடு இனி எதுக்காகும், எம் பொழைப்புல மண்ணு உழுந்துருச்சுன்னு கத்தறான். கோசாலையில உடப்போற மாடு செத்தா இவனுக்கு என்ன நட்டம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கலை. அத்தனை பக்தி அவனுக்கு.

ஊரு அவனைச் சொல்லலை, அவளையும் சொல்லலை. என்னையச் சொல்லுது! சாரதாமணி மாட்டைக் கொன்னவளாம். ஊசி போட்டது ஆரு? நானா? பசுவை நான் தொட்டது கழுத்தைக் கட்டிக்கிட்டப்ப மட்டுந்தான். எங்க வூட்டுக்காரரு அன்னையில இருந்து என்கிட்டச் சரியாப் பேசறதில்லை. கையக் கழுவறாரு, கழுவறாரு, நாளெல்லாம் கையக் கழுவறாரு. மயிலாத்தா எங்க வூட்டுக்குப் பாலு ஊத்தறதை நிறுத்தீட்டா. அவகிட்டதான் மாடே இல்லையேன்னு கேக்கறீங்களா? எனக்கு அதெல்லாம் தெரியாது. வந்து ஒரு வார்த்தை சொல்லோணுமா இல்லையா?

தையில அந்த டாக்டரு புள்ளையக் காலி பண்ணச் சொல்லீட்டேன். பசுவைக் கொன்ன கையால என் கட்டடத்துக் கதவைத் தொறக்கக் கூடாதுன்னுட்டேன்.

பாத்தீங்களா, உங்க புஜ்ஜி முனகறதை நிறுத்தீருச்சு. நான் சொன்னனில்ல? பக்கத்துல பேச்சுத் தொணை இருந்தா வலி தெரியாது. நல்லாத் தூங்குது. எழுப்பாதீங்க.

என்ன அப்படிப் பாக்கறீங்க? ஆமாங்க, தையிலயே போயிட்டா. இங்க வர்றதில்லை. மேல சும்மாதான் கெடக்குது. போர்டை ஏன் கழட்டலைன்னா, ஆணியைப் புடுங்குனா செவுரு பேந்துக்கிட்டு வரும், புதுசா பெயிண்டு அடிச்சது. வருவான்னு சொன்னேன்தான், இல்லைங்கலை. வர மாட்டான்னு சொல்லியிருந்தா நீங்க உக்காந்திருப்பீங்களா? எந்திரிச்சு ஓடியிருப்பீங்க. இங்க வர்றவங்க அத்தனை பேரையும் நான் இப்படித்தான் உக்கார வெச்சுச் சொல்லி அனுப்பறேன். ஒரு சீவனைக் கொண்டு போய் ஆரு கையில குடுக்கறோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகோணுமா வேண்டாமா? உங்க நல்லதுக்குத்தான்.

அழுவாதீங்க. தூரமெல்லாம் இல்லை. பின்னாடித் தெருவுலதான் இருக்கறா, மயிலாத்தா வூட்டுல. மாடு கட்டாம காலியாக் கெடந்த கட்டுத்தரையில தகரம் போட்டு அங்கயே ஆஸ்பத்திரி வெச்சிருக்கறா. படியே இல்லை. இந்த மதிலுக்கு அந்தப் பக்கம். நீங்க இங்க இருந்து ஒரு சத்தம் குடுத்திருந்தா அவளுக்குக் கேட்டிருக்கும்.

அட, இருங்க. அம்மிணி! ஓடாதீங்க, தலை தொங்குது பாருங்க, நல்லாப் புடிச்சுக்குங்க. அம்மிணி, உங்களைத்தான்! கொழாய் இங்கதான இருக்குது, இந்தப் பச்சைய ஒரு சொம்புத் தண்ணி ஊத்திக் கழுவி உட்டுட்டுப் போங்க!